ராப் வரிகளில் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் யாப்பு நடத்துகிறேன். இடையிடையே ராப் வரிகளையும் எடுத்துப் பேசுவேன். அதனால் மாணவர்கள், அவர்களின் பெற்றோர், உடன் வேலை பார்க்கும் தமிழாசிரியர்கள் என எல்லோரிடமிருந்தும் ஒரே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். உதாரணங்களில் பெரும்பகுதி அமெரிக்காவைச் சேர்ந்தவை, ராப் பிறந்த ஊர் அதுதான். தமிழோடு உண்மையான தொடர்பு இருக்கும் இடத்தில் தமிழும் வரும்.

1. ராப்னா வேகமாப் பேசுறதுதானே சார்? அதுல கவிதை எங்கே வந்துச்சு?

வேகம் கட்டாயமே இல்லை. தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல நிதானமாகச் சொல்லிப் பெயர் வாங்கிய ராப்பர்கள் நிறைய பேர் உண்டு. கட்டாயமானது ஒன்றுதான்: சொல் தாளத்துக்குள் உட்கார வேண்டும். அப்படி உட்கார வைக்க அசையை அளக்க வேண்டும், ஓசைக்கு ஓசை தேட வேண்டும், சொல்ல வந்ததைச் சுருக்க வேண்டும். செய்யுள் எழுதுகிறவர் செய்கிற அதே வேலை.

மெட்டு இல்லாததால் ‘வெறும் பேச்சு’ என்று தோன்றுகிறது. மெட்டு இல்லை என்பதாலேயே சொல்லுக்குப் பாரம் கூடுகிறது. சுமாரான வரியை நல்ல மெட்டு காப்பாற்றிவிடும். ராப்பில் அந்த வசதி குறைவு.

2. ராப், ஹிப்ஹாப் ரெண்டும் ஒண்ணா? எங்கே ஆரம்பிச்சது?

ஹிப்ஹாப் என்பது முழுப் பண்பாடு. இசைத்தட்டு சுழற்றும் டிஜே, மைக் பிடிக்கும் எம்சி, பிரேக் நடனம், சுவரில் எழுதும் கிராஃபிட்டி நான்கும் அதில் சேர்த்தி. எம்சி செய்வது ராப்.

பிறந்த நாளாக 1973 ஆகஸ்ட் 11-ஐச் சொல்வார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1520 செட்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு விருந்து. பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்பல் என்ற பெண் ஏற்பாடு செய்தது. இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். பாட்டில் தாளம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகளை இரண்டு தட்டுகளை வைத்து நீட்டினார். அதன்மேல் மைக்கில் கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன சின்னச் சின்ன வரிகள் வளர்ந்துதான் ராப் ஆயின. ஜமைக்காவில் டிஜேக்கள் தாளத்தின் மேல் பேசும் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. நியூயார்க்கின் ஹார்லெமில் 1968-இல் தொடங்கிய லாஸ்ட் பொயட்ஸ் குழு முரசோடு கவிதை சொல்லிக்கொண்டிருந்தது. எதுவும் வானத்திலிருந்து குதிக்கவில்லை.

பிராங்க்ஸ் அப்போது எப்படி இருந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ராபர்ட் மோசஸ் திட்டமிட்ட விரைவுச்சாலை நடுவே வெட்டிக்கொண்டு போனதில் குடியிருப்புகள் சிதறின. 1970-களில் கட்டடம் கட்டடமாகத் தீப்பற்றி எரிந்தது. 11-ஆம் கேள்விக்கு வரும்போது இது உதவும்.

3. ரைம்னு சொல்றது நம்ம எதுகை மோனைதானே?

கிட்டத்தட்ட. ஆனால் இடம் வேறு. நம் செய்யுளில் ஓசை ஒற்றுமை சீரின் முதலெழுத்திலும் இரண்டாமெழுத்திலும் நிற்கும். ஆங்கிலத்தில் அது வரியின் கடைசியில் போய் நிற்கும், நம் கணக்கில் அது இயைபு. ராப் இயைபில் தொடங்கி, பிறகு வரிக்குள்ளேயும் பரவியது. இந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் ராக்கிம் பெயரைச் சொல்வார்கள். அவரும் எரிக் பி-யும் சேர்ந்து 1987-இல் வெளியிட்ட ‘பெய்ட் இன் ஃபுல்’ தொகுப்பில் ஓசை வரிக்கு நடுவில் விழும், அடுத்த வரிக்குத் தாண்டும். சாக்ஸஃபோன் வாசிக்கத் தெரிந்தவர், ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அது காதுக்கே தெரியும்.

நானே கட்டிய ஒரு தமிழ் உதாரணம்:

வாடகை பாக்கி, வாசல்ல காக்கி,
வாயத் திறந்தா நீட்டுறான் துப்பாக்கி.

வாடகை, வாசல், வாய்: மோனை. பாக்கி, காக்கி, துப்பாக்கி: இயைபு. காக்கி என்பது அதைப் போட்டிருக்கும் ஆளைக் குறிப்பதால் ஆகுபெயர். இவ்வளவும் இலக்கண வகுப்புச் சமாச்சாரம். வகுப்பில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: ‘துப்பாக்கி’க்குள் ‘பாக்கி’ முழுசாக இருக்கிறது. பாக்கியில் தொடங்கிய வரி துப்பாக்கியில் முடிகிறபோது, ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று காது தானாகவே முடிவு கட்டுகிறது. கடன்பட்டவன் வீட்டுக்குத்தான் துப்பாக்கி வரும் என்று தனியாக வாதாட வேண்டியதில்லை, ஓசையே வாதாடிவிட்டது. நல்ல ராப்பில் ரைம் செய்கிற வேலை இதுதான். வெறும் ஓசைக்காக வரும் ரைமை இந்தச் சோதனையிலேயே பிடித்துவிடலாம்.

4. பார், ஃப்ளோ, ஹூக், பன்ச்லைன்… இதெல்லாம் என்ன?

பார் என்பது நான்கு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்று. பெரும்பாலும் ஒரு வரி ஒரு பாரில் அடங்கும். ஒரு பத்திக்குப் பதினாறு பார் என்பது வழக்கமான அளவு. நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பாட்டில் பதினாறு பார் முடிய 43 நொடிகூட ஆகாது. அந்த இடைவெளிக்குள் ஒரு கதையையே சொல்லி முடிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் பல்லவி ஹூக். எதிர்பாராத இடத்தில் அடிக்கும் வரி பன்ச்லைன்.

ஃப்ளோ என்பது, அசைகளைத் தாளத்தின் மேல் எப்படிப் பரப்புகிறார் என்பது. சிலர் தட்டின்மேல் அப்படியே ஏறி நிற்பார்கள், சிலர் ஒரு மயிரிழை பிந்தி வருவார்கள், சிலர் இரண்டாம் தட்டில் தொடங்கி அடுத்த பாருக்குள் வழிவார்கள். ஆங்கிலத்தில் இதை அசையழுத்தம் நடத்துகிறது. தமிழில் குறில் நெடில் நடத்தும். ‘தனன தனதன’ என்று திருப்புகழ் ஓடுவதைக் கேட்டவருக்கு, குறில்களை அடுக்கினால் நாக்கு எப்படிப் பறக்கும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

5. வரிகளை எடுத்துப் படிச்சேன். ஒண்ணும் பெருசா இல்லையே. காகிதத்துல நிக்காதது கவிதையா?

காகிதத்தில் நிற்கும் வரிகளும் உண்டு. ஆனால் அந்தச் சோதனை மட்டும் போதாது. திருப்புகழை வாய்க்குள் முணுமுணுக்காமல் கண்ணால் மட்டும் படித்துப் பாருங்கள், பாதி போய்விடும். ராப்பில் குரலின் ஏற்ற இறக்கம், மூச்சு விடும் இடம், ஓரிடத்தில் தாளத்தையே நிறுத்திவிட்டு வெறும் குரலை விடுவது எல்லாம் பொருளில் சேர்த்தி.

முதலில் கேளுங்கள், பிறகு வரிகளைப் படியுங்கள், மறுபடி கேளுங்கள். இந்த வரிசையை மாற்றினால் ஏமாற்றம்தான்.

6. உவமை, உருவகம், சிலேடை எல்லாம் ராப்ல உண்டா? பேருக்குச் சொல்லாம உதாரணம் காட்டுங்க.

உருவகத்துக்கு, சிகாகோவைச் சேர்ந்த காமன் 1994-இல் பாடிய ‘ஐ யூஸ்டு டு லவ் ஹெர்’. சிறு வயதில் சந்தித்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார். அப்போது எளிமையாக இருந்தாள், பிறகு ஊர் மாறினாள், காசு பார்த்தாள், வேடம் போட ஆரம்பித்தாள். கடைசி வரியில்தான் அந்தப் பெண் ஹிப்ஹாப் என்று தெரிகிறது. பாட்டு முழுக்க ஒரே உருவகம். ஒரு கலை சந்தைக்குப் போனதைப் பற்றிய விமர்சனத்தைக் காதல் புலம்பலாகச் சொல்லிவிட்டார். (பெண் கெட்டுப்போனாள் என்ற உருவகம் ஏன் அவ்வளவு எளிதாகக் கைக்கு வந்தது என்று கேட்ட ஒரு மாணவிக்கு முழு மதிப்பெண் போட்டேன்.)

அஃறிணையைப் பேச வைப்பதற்கு நாஸ் 1996-இல் எழுதிய ‘ஐ கேவ் யூ பவர்’. பேசுவது துப்பாக்கி. தன்னை எப்படி ஒளித்து வைக்கிறார்கள், யார் யார் கையில் மாறினோம் என்றெல்லாம் அலுத்துக்கொள்கிறது. இனிமேல் சுடமாட்டேன் என்று முடிவெடுத்து, முக்கியமான நேரத்தில் வேண்டுமென்றே குண்டு பாயாமல் சிக்கிக்கொள்கிறது. விளைவு, அதை வைத்திருந்தவன் சாகிறான். உடனே இன்னொரு கை அதைப் பொறுக்கிக்கொள்கிறது. துப்பாக்கி திருந்தியும் ஒன்றும் மாறவில்லை. வன்முறை பற்றிய பல கட்டுரைகளைவிட எனக்கு இது பிடிக்கும்.

சிலேடைக்கு ஜே-ஸீயின் ‘99 ப்ராப்ளம்ஸ்’, 2003. இரண்டாம் பத்தியில் கறுப்பு இளைஞன் ஒருவன் காரில் போதைச் சரக்கோடு போகிறான். போலீஸ் நிறுத்துகிறது. 54-க்கு மேல் போகக் கூடாத இடத்தில் 55-இல் போனாயாம். அந்த ஒற்றை எண் வித்தியாசத்திலேயே சாக்குச் சொல்லி நிறுத்தியது தெரிந்துவிடுகிறது. பூட்டிய பெட்டியைத் திறக்க வாரன்ட் வேண்டும் என்று இவன் சட்டம் பேச, ‘மோப்ப நாய் வரட்டும், உன் சாமர்த்தியத்தைப் பார்க்கிறேன்’ என்கிறார் அதிகாரி. உடனே ஹூக் வருகிறது: எனக்கு 99 தொல்லை உண்டு, ஆனால் ‘பிட்ச்’ அதில் ஒன்று இல்லை. பெண்ணை இழிக்கும் வசையாகத்தான் முதலில் கேட்கும். ஆங்கிலத்தில் அதே சொல் பெண் நாயையும் குறிக்கும். இந்தப் பத்தியில் நாய் என்றே பொருள் என்று ஜே-ஸீ பிறகு தன் புத்தகத்தில் விளக்கினார். 1994-இல் நியூஜெர்சியில் அவருக்கே நடந்ததை வைத்து எழுதியது, மோப்ப நாய் வரப் பிந்தியதால் தப்பித்தார். காலேப் மேசன் என்ற சட்டப் பேராசிரியர் 2012-இல் இந்த ஒரு பத்தியை வரிவரியாக அலசி, எந்த வரி சட்டப்படி சரி, எது தப்பு என்று கட்டுரையே எழுதினார். காளமேகத்துக்கு உரை எழுதுவது போலத்தான்.

7. ‘நான் அவனைச் சுட்டேன்’னு பாடுறான். நெஜமாவே சுட்டவனைத்தான் நம்ம பசங்க கேட்டுட்டு இருக்காங்களா?

ஒரு தாய் கேட்டது. நியாயமான பயம்.

வரியில் வரும் ‘நான்’ எப்போதும் பாடுகிறவர் இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தோழியாகப் பேசுகிறார். அதைப் படித்துவிட்டுக் கபிலரைத் தோழி என்று யாரும் நினைப்பதில்லை. 6-இல் சொன்ன பாட்டில் நாஸ் துப்பாக்கியாகப் பேசுகிறார். அதை ஏற்கிறவர்கள்கூட, அதே ராப்பர் ஒரு ரவுடியாகப் பேசினால் வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் தம் சொந்த வாழ்க்கையையே பாடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் பத்துப் பேரிடம் கேட்டதை ஒருவன் வாயில் வைப்பது, மிகைப்படுத்துவது, கேட்கிறவர்கள் எதிர்பார்க்கும் முரடனாக நடிப்பது எல்லாம் இந்தக் கலையின் வழக்கம்.

இது ரசனைப் பிரச்சினையோடு நிற்பதில்லை. அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகள் குற்றத்துக்குச் சாட்சியமாக வைக்கப்படுகின்றன. அட்லாண்டாவில் யங் தக் என்ற ராப்பர் மீதான வழக்கில் அப்படிச் சில வரிகளைப் பயன்படுத்த 2023 நவம்பரில் நீதிபதி அனுமதித்தார். அதற்கு முந்தைய வருஷம், 2022-இல், கலிபோர்னியா மாநிலம் இந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போட்டுச் சட்டம் கொண்டுவந்தது: கலைப்படைப்பைச் சாட்சியமாக்கும் முன் அது வழக்குக்கு எவ்வளவு பொருந்தும், இனவெறுப்பைத் தூண்டுமா என்றெல்லாம் நீதிபதி பார்க்க வேண்டும். கொலைகாரன் வாயால் நாவல் எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. யாருடைய ‘நான்’ கற்பனையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது, யாருடையது வாக்குமூலமாகிறது என்பதிலேயே சமூகம் தெரிகிறது.

8. எப்பப் பாரு தற்பெருமை. நகை, காரு, பணம். இதுல என்ன சமூக அக்கறை?

புறத்திணையில் ‘நெடுமொழி’ என்றே ஒரு துறை இருக்கிறது. வீரன் தன் பெருமையைத் தானே சொல்வது. தற்பெருமை கவிதைக்கு ஆகாது என்ற எண்ணம் நமக்கு எப்போது வந்ததோ தெரியவில்லை. அமெரிக்கக் கறுப்பர்களின் வாய்மொழி மரபிலும் ‘டோஸ்ட்’ என்ற நீண்ட பெருமைப் பாட்டுகள் உண்டு.

ஒன்றுமில்லாமல் வளர்ந்தவன் சங்கிலியை எண்ணிக் காட்டுவதற்கும், பரம்பரைப் பணக்காரன் காட்டுவதற்கும் பொருள் ஒன்றாகாது. அதற்காக எல்லாத் தங்கச் சங்கிலிக்கும் தத்துவம் சொல்லவும் எனக்கு மனமில்லை. பல பாட்டுகளில் அது வெறும் விளம்பரம்.

9. ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கிறதுக்குப் பேரு கலையா?

பேட்டில் என்று சொல்வது இதைத்தான். ‘டசன்ஸ்’ என்ற தெருவிளையாட்டிலிருந்து வந்தது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் குடும்பத்தை ஒருவர் கிண்டல் செய்ய வேண்டும். கோபப்பட்டவன் தோற்றான். கையை ஓங்காமல் வாயால் ஜெயிப்பதுதான் விதி. தஞ்சாவூர்ப் பக்கம் லாவணியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் விடிய விடியப் பாடினவர்களுக்கு இது புதிதில்லை. எசப்பாட்டும் அதே வகைதான்.

நேராகத் திட்டுவது இதில் சுலபமான பகுதி. புகழ்வது போல ஆரம்பித்துக் கவிழ்ப்பதும், எதிராளியின் வரியையே எடுத்து அவன்மேல் திருப்புவதும்தான் சாமர்த்தியம். உன் ஆயுதங்கள் பளபளவென்று எண்ணெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையது எல்லாம் குத்தி முறிந்து கொல்லன் உலையில் கிடக்கிறது என்று தொண்டைமானிடம் ஒளவையார் சொன்னாரே, புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. எந்தப் பேட்டில் மேடையிலும் அதற்கு விசில் பறக்கும்.

10. பொம்பளைங்களைக் கேவலமாப் பேசுறதுக்கும் ‘மரபு’ன்னு சொல்லித் தப்பிச்சிடுவீங்களா?

மாட்டேன். 1990-இல் ஃபுளோரிடாவில் 2 லைவ் க்ரூ என்ற குழு மேடையில் ஆபாசமாகப் பாடியதற்காகக் கைதானது. இலக்கியப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறி, 9-இல் சொன்ன வகை வாய்மொழி மரபின் நையாண்டி இது, அப்படியே பொருள் கொள்ளக் கூடாது என்றார். ஜூரி விடுதலை செய்தது. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா இதைப் பற்றி எழுதியபோது இரண்டு பக்கத்தையும் விடவில்லை. ஆபாசம் எங்கும் இருக்க, கறுப்பர்களை மட்டும் பிடித்தது இனவெறி என்றார். மரபு, நகைச்சுவை என்று சொல்லிவிட்டால் அந்த வரிகள் கறுப்புப் பெண்களுக்குச் செய்வது இல்லாமல் போய்விடாது என்றும் சொன்னார். எனக்கு அவர் பக்கம்தான் சரியென்று படுகிறது.

பதில் ராப்புக்குள்ளிருந்தே வந்தது. க்வீன் லத்தீஃபா 1993-இல் ‘யுனிட்டி’ பாடினார். 6-இல் பார்த்த அதே வசைச்சொல்லால் யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்கிறார். தெருவில் நடந்து போகும்போது ஒருவன் பின்னால் தொட்டதையும், திரும்பிக் கண்ணில் குத்து விட்டதையும் சொல்கிறார். ஒரு தெரு, ஒரு கை, ஒரு குத்து. 1995-இல் கிராமி விருதும் கிடைத்தது.

11. சமூகப் பொருள்னா கோஷம் போடுற பாட்டுதானே?

கோஷம் ஒரு வகை. எனக்கு அதைவிட விவரம் அடுக்குகிற பாட்டு முக்கியம். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ் பெயரில் 1982-இல் வந்த ‘தி மெசேஜ்’ எங்கே பார்த்தாலும் உடைந்த கண்ணாடி என்று ஆரம்பிக்கிறது. மாடிப்படியில் சிறுநீர் கழிக்கிறார்கள், முன்னறையில் எலி, பின்னறையில் கரப்பான், காலி செய்து போகலாம் என்றால் காசில்லை. ‘இது அநீதி’ என்று பிரகடனம் எதுவும் இல்லை. விளிம்புக்கு வந்துவிட்டேன், தள்ளாதே என்பதுதான் பல்லவி. கடைசிப் பத்தியில் ‘நீ’ என்று மாறி, ஒரு குழந்தை பிறந்ததிலிருந்து சிறையில் தூக்கில் தொங்குவது வரை ஒரே மூச்சில் போகிறது. 2-இல் சொன்ன எரிந்த பிராங்க்ஸ் இதற்குள் முழுசாக இருக்கிறது. அதுவரை ராப் பெரும்பாலும் கொண்டாட்டப் பாட்டாகத்தான் விற்றுக்கொண்டிருந்தது.

கேட்கிறவர்கள் கோஷமாக்கிக்கொள்வதும் உண்டு. கென்ட்ரிக் லாமரின் ‘ஆல்ரைட்’, 2015. பத்திகளில் போலீஸ் பயம், சபலம், தற்கொலை நினைப்பு என்று இருட்டு. பல்லவி மட்டும் ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்கிறது. அந்த முரண்தான் பாட்டு. அந்த வருஷமே கிளீவ்லாண்டில் கூடிய போராட்டக்காரர்கள் பல்லவியை மட்டும் எடுத்து முழங்கினார்கள். முரண் போய், தைரியம் மட்டும் மிஞ்சியது. அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், தெருவுக்கு எது தேவையோ அதைத் தெரு எடுத்துக்கொள்ளும்.

12. பழைய பாட்டை வெட்டிப் போட்டுட்டு மேல பேசுறாங்க. திருட்டுதானே?

‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையோடுதான் 1991-இல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீதான தீர்ப்பை ஒரு நியூயார்க் நீதிபதி தொடங்கினார். அதன்பின் அனுமதி வாங்கியே ஆக வேண்டும் என்று ஆனது. மூன்று வருஷம் கழித்து, 10-இல் வந்த அதே 2 லைவ் க்ரூ ஒரு பழைய பாட்டைக் கேலி செய்த வழக்கில், கேலிப் போலி நியாயமான பயன்பாடாக இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் இவ்வளவு.

கவிதைக் கண்ணால் பார்த்தால் சாம்பிள், அதாவது இப்படி வெட்டி எடுத்த பழைய பாட்டுத் துண்டு, ஒரு மேற்கோள். மாயா, அதாவது எம்.ஐ.ஏ., லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சில வருஷம் வளர்ந்த தமிழ்ப் பெண். 2007-இல் வந்த அவருடைய ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ தி க்ளாஷ் குழுவின் ஒரு பாட்டின்மேல் கட்டியது. அந்தப் பழைய பாட்டும் குடியேறிகளைப் பற்றியதுதான். போலி விசா பற்றிப் பெருமை பேசும் குரல், பல்லவியில் துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம், ‘உன் பணத்தை எடுத்துக்கொள்வேன்’ என்ற வரி. குடியேறிகளைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் மனதில் வைத்திருக்கும் படத்தை அப்படியே எடுத்து நடித்துக் காட்டுகிற நையாண்டி. தொலைக்காட்சியில் துப்பாக்கிச் சத்தத்தை எடுத்துவிட்டு ஒலிபரப்பினார்கள். அந்தச் சத்தத்தில்தான் கேலியே இருந்தது. 7-இல் கேட்ட தாய்க்கும் இதையே உதாரணமாகச் சொன்னேன்.

13. தமிழுக்கு ராப் ஒட்டுமா? எல்லாம் ‘வந்தான், போனான்’னுதானே முடியுது?

நல்ல காது உள்ளவர் கேட்ட கேள்வி. தமிழில் வினை கடைசியில் வரும், விகுதியும் ஒன்றாக இருக்கும். எழுந்தான், நடந்தான், கிடந்தான் என்று ஓசை இலவசமாகக் கிடைத்துவிடும். இலவசமாகக் கிடைப்பதால் சுவை இல்லை. கெட்டிக்காரர்கள் வினையைத் தூக்கி நடுவில் போட்டுப் பெயர்ச்சொல்லில் முடிக்கிறார்கள், அல்லது ஓசையை 3-இல் காட்டியது போல வரியின் தலைக்குக் கொண்டுவருகிறார்கள்.

தமிழ்நாட்டில் பலர் ‘ராப்’ என்ற பெயரை 1994-இல் வந்த ‘பேட்டை ராப்’ பாட்டில்தான் முதலில் கேட்டார்கள். தனிக் கலையாக அதை ஊன்றியதில் மலேசியாவுக்குப் பெரிய பங்கு. யோகி பி அண்ட் நட்சத்ரா 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பில் இளையராஜாவின் ‘மடை திறந்து’ மேல் கட்டிய பாட்டு ஒன்று இருக்கிறது. 12-இல் சொன்ன மேற்கோள் வேலைக்கு நம் பக்கத்து உதாரணம். பிறகு சென்னையில் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்தியது. முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரியில். பெயர் அயோத்திதாசரின் ‘சாதியற்ற’ என்ற எண்ணத்திலிருந்து எடுத்தது. மரணக் கானா பாடிய குரலுக்குத் தாளத்தின் மேல் பேசுவது அந்நியமாகவே இல்லை.

14. ‘எஞ்சாயி எஞ்சாமி’ குழந்தைங்க ஆடுற பாட்டு. அதுல அப்படி என்ன அரசியல்?

ஆட வைப்பதும் அதன் உத்திதான். தீ, அறிவு என்ற இருவரும் பாடி 2021 மார்ச்சில் வந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்ப நேர்ந்தவர். 1964-இன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அப்படி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். மரம் வளர்த்தேன், தோட்டம் செழித்தும் என் தொண்டை நனையவில்லை என்று ஒரு வரி வருகிறது. தோட்டமும் தொண்டையும் ‘தொ/தோ’ மோனையில் கட்டப்பட்டு எதிரெதிரே நிற்கின்றன. உழைத்தது ஒன்று, தாகத்தில் கிடப்பது ஒன்று, ஓசை மட்டும் இரண்டுக்கும் பொது. தோட்டம் என்றால் மலையகத்தில் கொல்லைப்புறத்துச் செடிகொடி கிடையாது, எஸ்டேட் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நடுவில் ஒப்பாரிச் சாயல் வருகிறது. ஒப்பாரியில் அழுகிறவள் செத்தவரைப் பற்றி மட்டும் பாடமாட்டாள், யார் யார் தன்னை ஏமாற்றினார்கள் என்றும் சேர்த்துச் சொல்வாள். புகார் சொல்ல வேறு மேடை இல்லாதவர்களின் மேடை அது. ராப் வந்து உட்கார அதைவிடப் பொருத்தமான திண்ணை எது?

15. வேற ஆள் எழுதிக் கொடுத்துப் பாடினா, அந்த ‘உண்மை’யெல்லாம் என்னாகும்?

இந்தச் சிக்கல் முதல் பெரிய வெற்றியிலேயே இருக்கிறது. 1979-இன் ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டில் பிக் பேங்க் ஹேங்க் பாடியதில் பெரும்பகுதி கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியது. அவசரத்தில், காஸ் தன் பட்டப்பெயரான ‘காஸனோவா’வை எழுத்துக்கூட்டிச் சொல்லும் வரியையும் ஹேங்க் மாற்றாமல் பாடிவிட்டார். இன்னொருவர் பெயரைத் தன் பெயராகச் சொல்லும் ‘நான்’! 11-இல் பாராட்டிய ‘தி மெசேஜ்’ஜையும் பெரும்பாலும் எழுதியவர் ட்யூக் பூட்டி. உறையில் முன்னால் நிற்கும் ஃப்ளாஷுக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

அந்த வரிகள் பொய்யாகிவிட்டனவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை, 7-இல் சொன்ன காரணம்தான். ஆனால் யார் பெயர் போடப்பட்டது, யாருக்குக் காசு போனது என்பது தனிக் கேள்வி. உழைத்தவன் தொண்டை காய்வதைப் பாடுகிற கலையில் அதைக் கேட்காமல் விடுவது நன்றாக இருக்காது.

16. புலிட்சர் பரிசு கொடுத்துட்டாங்களே, இன்னுமா கவிதையான்னு கேட்டுட்டு இருக்கோம்?

கென்ட்ரிக் லாமரின் ‘டேம்ன்’ தொகுப்புக்கு 2018-இல் கிடைத்தது இசைக்கான புலிட்சர். செவ்வியலுக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுவே முதல் தடவை. கவிதைக்கான பரிசு வேறு. பரிசு வந்ததால் நூலகங்களில் பேச வழி பிறந்தது, சரி. மோசமான வரி அதனால் நல்ல வரியாகாது.

17. ஒரே வரிக்கு நீங்க ஒரு அர்த்தம் சொல்றீங்க, என் பையன் ஒண்ணு சொல்றான். எது சரி?

முதலில் வரியைப் பாட்டிலிருந்து பிடுங்காமல் பாருங்கள். ‘99 ப்ராப்ளம்ஸ்’ ஹூக்கை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டினால் பெண்ணை இழிக்கும் வசைதான். இரண்டாம் பத்திக்குப் பின்னால் வைத்தால் நாய். எழுதியவர் நாய் என்று சொல்லிவிட்டார் என்பதால் முதல் பொருள் செத்துவிடாது. நடனக் கூடத்தில் அதைக் கத்துகிற ஆயிரம் பேருக்கு நாய் நினைவில் இருக்குமா? ஜே-ஸீக்கு இரண்டும் தெரியும், இரண்டையும் வைத்துத்தான் விளையாடினார். சிலேடைக்கு ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதற்குப் பொறுப்பில்லை என்று எழுதியவரும் சொல்ல முடியாது, கேட்கிறவரும் சொல்ல முடியாது.

பிறகு பையன் சொல்லும் பொருளுக்கு வரியில் ஆதாரம் கேளுங்கள். எந்தச் சொல், எந்தத் தட்டில், யார் குரலில் என்று அவன் காட்டிவிட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். தெருவழக்கு விஷயத்தில் பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான். என் வகுப்பிலும் அப்படித்தான் நடக்கிறது.